தட்டச்சு செய்யாத பதினோரு நிமிடம்

மார்ச் 11

அன்புள்ள கேள்விக்காரிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். எந்த அண்ணி என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதே. ஏரிக்கரை ஊரில், நாலு ரூமை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிற வீட்டில், மாடி ரூமில் ஏழு மாதம் தங்கி, ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் கேள்வி கேட்டுக் கேட்டே ஓட ஓட விரட்டினாயே, அந்த வீட்டு அண்ணிதான். நீ சௌக்கியமாக இருப்பாய். பெரிய பதவிக்கு வந்துவிட்டாய் என்று மகள் சொன்னாள், போனில் உன் படத்தையும் காட்டினாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. நல்லதுதான். அப்போதெல்லாம் குச்சிக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட மாதிரி இருப்பாய்.

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அண்ணன் போய்விட்டார். ஜனவரி பதினெட்டாம் தேதி, காலையில். காபியை எடுத்துக்கொண்டு போனேன், ஆறிப்போகிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன்.

அதற்கு முன்னால் பத்து மாதம் படுக்கை. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போயின. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவர் கண்ணாலேயே பேசுகிறார் என்றார்கள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நன்றாக இருந்தபோதே அந்த மனுஷனிடம் வாயைப் பிடுங்கினால்தான் ஒரு வார்த்தை வரும், உனக்குத் தெரியாததா. முப்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் பேசியிருப்பாரா என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை பேசினார். அதுவும் தண்ணீர் மோட்டார் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி.

இப்போது வீட்டில் நானும் சுவரும்தான். ரூம்களைப் பூட்டிவிட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம் பெரிய ஹோட்டல் வந்துவிட்டதால் எப்படியும் ஆள் குறைவுதான். எதிர்வீட்டுக்காரி இன்னும் விடுகிறாள். உன்னைப் பற்றி இன்னும் பேசுகிறாள். புவியியல் படிக்க வந்த பெண் என்றால் மலை, ஆறு, மழை என்று கேட்பாள் என்று நினைத்திருந்தோம். நீ என்னவென்றால் நோட்டைத் திறந்துகொண்டு, விருந்தாளி வந்தால் வீட்டில் யார் யார் எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்டாய். அவள் துடைப்பத்தைத் தேடினாள். நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி, ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அதை மூடச் சொன்னவள் நான். காலையில் சத்தம் தாங்கவில்லை என்று இரண்டு விருந்தாளிகள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நான் அந்தத் தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்தார், சரி என்றார், மறுநாள் ஷெட்டைப் பூட்டினார். அதற்கப்புறம் வந்தவர்களின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். ஒரு முணுமுணுப்பு இல்லை. ஒரு முகச்சுளிப்பு இல்லை. அன்றைக்கே சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

பூட்டிக் கிடந்த அந்த ஷெட்டைத் திறக்கச் சொல்லி, நீ அவரை அங்கே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினாய். கையில் பேச்சைப் பதிகிற அந்தக் குட்டி மிஷினை வைத்திருந்தாய். வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஷெட்டுக்குள்ளே தூசி என்றார். அதோடு சரி.

நீ எங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளில், பேசியவர்கள் எப்போது கேட்டாலும் பதிவின் நகல் கொடுக்கப்படும் என்று போட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அதில் இருக்கிற விலாசத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பதிவை எனக்கு அனுப்பு. குரலைக் கேட்டு அழத்தான் கேட்கிறேன் என்று நினைக்காதே, அழுவதற்கு எனக்கு மிஷின் வேண்டாம். அவருக்கு என் மேல் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. பத்து மாதம் அவர் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே இதைத்தான் கேட்டேன்.

வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே. சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
அண்ணி

ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அண்ணன் போன செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு வகுப்பெடுக்கப் போகவில்லை. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் துக்கம் மட்டும் இல்லை. தேடிக்கொண்டிருந்தேன். பழைய மடிக்கணினியை ரிப்பேர் கடையில் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் துறையில் மூன்றாம் மாடியில் வரைபடங்கள் வைத்திருக்கிற அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். அப்போது என்னோடு படித்தவர்களிடம், தப்பித் தவறி உங்களிடம் ஒரு பிரதி இருக்கிறதா என்று கெஞ்சினேன்.

பதிவு இல்லை, அண்ணி. தொலையவில்லை. நான்தான் அழித்தேன்.

அதே தாளின் பின்பக்கத்தில் இன்னொரு வரி இருக்கும், பாருங்கள். ஆய்வு முடிந்து ஐந்து வருடத்தில் ஒலிப்பதிவுகள் அழிக்கப்படும் என்று. நம்பிப் பேசியவர்களின் குரல் வேறு யார் கையிலும் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி. நல்ல விதிதான். என் துறையில் பாதிப் பேர் அதை மறந்துவிடுவார்கள், மீதிப் பேர் சோம்பலில் தள்ளிப்போடுவார்கள். நான் காலண்டரில் குறித்து வைத்து, போன ஆகஸ்டில், சொன்ன தேதியில் அழித்தேன். அழித்துவிட்டேன் என்று படிவம் நிரப்பிக் கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கு மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அண்ணன் அப்போது பேச முடியாமல் படுத்திருந்திருக்கிறார்.

அவர் பேசியதைத் தட்டச்சு செய்த தாள்கள் இருக்கின்றன. முப்பத்தொரு பக்கம். இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் ஆய்வில் பெயர் போட மாட்டோம், எண்தான் போடுவோம். அவர் பதினாலாம் எண். அவர் சிரித்த இடத்தில் சிரிப்பு என்றும், இருமிய இடத்தில் இருமல் என்றும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். ஒன்பது இடத்தில் சிரித்திருக்கிறார். நான் எண்ணினேன்.

இருபத்திரண்டாம் பக்கத்தைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகப் போய் அதில் முட்டிக்கொள்ள வேண்டாம். அங்கே அவர் சொல்கிறார்: நம்ம வீட்டுலயே சத்தம் போடாம நடக்கப் பழகிட்டேன், எனக்கே நான் வாடகைக்கு வந்த ஆள் மாதிரி இருக்கு என்று.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை ஆளாக்கியது. அதைத் தலைப்பாக வைத்துத்தான் என் முதல் கட்டுரை வந்தது. வேலைக்கான நேர்காணலில், கேள்வி கேட்டவரே அதை எனக்குச் சொல்லிக் காட்டினார். ஒன்பது நாட்டில், ஒன்பது மேடையில் அதைப் படித்திருக்கிறேன். சுற்றுலா வந்தால் ஊர் வளரும் என்று எல்லோரும் சொன்னபோது, வீட்டுக்குள் என்ன ஆகிறது என்று பாருங்கள் என்று நான் சொன்னேன். கை தட்டினார்கள். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு அவர் நிறுத்தவில்லை, அண்ணி. அடுத்த வரியைத் தாளில் உள்ளபடியே எழுதுகிறேன்.

ஆனா, அவ... [தொடர்ந்து மனைவியைப் பற்றிய சொந்தப் பேச்சு, 11 நிமிடம். ஆய்வுக்குத் தொடர்பில்லை. தட்டச்சு செய்யவில்லை.]

ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஆறு மணி நேரம் ஆகும். அறுபத்திரண்டு பேருடைய பேச்சு இருந்தது. எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்துக்கொள்ள எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேண்டாததில் அதைச் சேர்த்தேன்.

நினைவிலிருந்தாவது எடுக்கலாம் என்று தினமும் உட்கார்ந்து பார்க்கிறேன். பழைய மோட்டார் ஒன்றை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார். வாய் அசைவது தெரிகிறது. என்ன சொன்னார் என்பது வரவில்லை. அன்றைக்கு நாலு மணிப் படகில் வந்து இறங்குபவர்களை நான் எண்ண வேண்டியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார். உங்களுக்கு நேரமாச்சு, கிளம்புங்க என்று அவரே சொன்னார். கிளம்பினேன். படகில் நாற்பத்தேழு பேர் வந்தார்கள். அது நினைவிருக்கிறது.

உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு பொய்யை இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். அண்ணன் அப்படிப் பேசமாட்டார் என்று முதல் வரியிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

என்றும் உங்கள்
கேள்விக்காரி

ஏப்ரல் 23

அன்புள்ள கேள்விக்காரிக்கு,

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நீ ஒருத்தியே இரண்டையும் செய்துவிட்டாயே, பாவி! படகில் வந்தவன் போனவனையெல்லாம் எண்ணத் தெரிந்தது, எதிரில் உட்கார்ந்து பேசுகிற மனுஷனைக் கேட்கத் தெரியவில்லையா? அந்த வாய் வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற வாய். அதுவும் என்னைப் பற்றி. அதுதான் உனக்கு வேண்டாததா?

உன் தாள்களை அடுக்களை மேடையில் போட்டுவிட்டு ஒரு வாரம் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் முழுவதையும் படித்தேன். அவர் ஒரு ராத்திரி வெளியூரில் தங்கினதில்லை. அவர் பேச்சு ஒன்பது நாடு சுற்றிவிட்டு எல்லோரும் கேட்டு முடித்தபிறகு என்னிடம் வந்திருக்கிறது.

இருபத்திரண்டாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மாடியில் ஆள் தூங்குது, கொஞ்சம் மெதுவா நடங்க என்று நான்தான் சொல்வேன். சில நாளில் எனக்குப் பின்னால் வந்து நிற்பார், வந்ததே தெரியாது, திடுக்கென்று இருக்கும். ஐயோ, பூனை மாதிரி வராதீங்க என்று சிரிப்பேன். அது அவர் சுபாவம் என்று நினைத்துவிட்டேன். கூடவே இருந்த எனக்குத் தெரியாதது, ஏழு மாதம் இருந்த உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் உன்னை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த ‘ஆனா, அவ’வுக்கு அப்புறம் என்ன என்று தினமும் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். ஆனா, அவ நமக்காகத்தான் செஞ்சா என்று ஒரு நாள். அவ என்னை ஒரு வார்த்தை கேட்கலையே என்று ஒரு நாள். ஒரு நாள் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி போடுவா என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். பதினோரு நிமிஷம் அதைச் சொல்ல முடியாது என்று தெரியும். எது சொன்னாலும் அவர் குரலில் வரமாட்டேன் என்கிறது. என் குரலில்தான் வருகிறது.

இப்போது உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். லீவு கிடைத்ததும் கிளம்பி வா. மாடி ரூமைத் திறந்து பெருக்கி வைக்கிறேன். ஷெட்டில் அவர் ஸ்டூல் அங்கேயேதான் கிடக்கிறது. நீ உட்கார்ந்த இடத்தில் வந்து உட்கார். ஒரு வாரம் ஆகட்டும், ஒரு மாதம் ஆகட்டும், நான் அவசரப்படுத்தமாட்டேன். பாதி வார்த்தை நினைவுக்கு வந்தாலும் சொல்லு. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சொல்லு. எனக்குப் பாவம் பார்த்து இட்டுக்கட்டிச் சொன்னாயோ, உன்னை வாசற்படி ஏற்றமாட்டேன்.

ஒன்றும் வராவிட்டாலும் வா. மகள் எங்கோ இருக்கிறாள், அவளிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவர் என்னைப் பற்றி வாய் திறந்து பேசியது உலகத்திலேயே உன் ஒருத்தியிடம்தான். நீ மறந்துவிட்டாலும், கேட்ட காது உன்னுடையது. நீ இருக்கிற வரைக்கும் அது எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அதனால் உடம்பைப் பார்த்துக்கொள். ரோட்டைக் கடக்கும்போது பார்த்துக் கடந்து போ. நூறு வயசு நல்லா இரு, கண்ணு.

இப்படிக்கு,
உன் அண்ணி