வீட்டுப் பிள்ளையின் மனு

யேசு மரி சூசை துணை

ஸ்கீவ, டென்மார்க்,
கார்த்திகை 9

அன்பு மகன் றொஜிதனுக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அந்த அரபு நாட்டு வெயிலில் நீயும் சுகமாயிருக்க நானும் அம்மாவும் நாளும் மன்றாடுகிறோம். தங்கச்சி சுஜாந்தினி பிராண்டேயிலிருந்து வந்து காருக்குக் குளிர்கால ரயர் மாற்றித் தந்துவிட்டுப் போனாள், பழைய சாரதி நான் பக்கத்தில் நின்று புத்தி சொன்னதுதான் மிச்சம். போனில் கதைத்தால் நீ டேனிஷில் நாலு வார்த்தை சொல்லி என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய தாள் கிடைத்தது. டென்மார்க்குக்கு வருமுன் நான் அங்கே இரண்டு வருடம் கார் ஓடிய இளவரசரின் வாழ்க்கையை அவருடைய மகன் புத்தகமாகப் போடுகிறார், அந்த மகன்தான் இப்போது உன் முதலாளி, பழைய சாரதியின் வாக்குமூலமும் அதில் வேண்டுமாம். "இளவரசர் என்னை வீட்டுப் பிள்ளையாகவே நடத்தினார்" என்று அவர்களே எழுதிவிட்டார்கள், கையெழுத்துத்தான் பாக்கி. போடமாட்டேன் மகன்.

வீட்டுப் பிள்ளை என்று அவர் சொன்னது உண்மைதான். எந்த நாளில் சொன்னார் என்பதைக் கேள். அவர் தொழில் அமைச்சராயிருந்தபோது செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய மண்டபம் எல்லோருக்கும் திறந்திருக்கும், கூலியாளும் நேரே அவர் கையில் மனுக் கொடுக்கலாம். பாஸ்போட்டை முதலாளி பிடுங்கி வைத்திருக்கிறான் என்று வந்தவர்களுக்கு அங்கேயே உத்தரவு எழுதிக் கொடுப்பார், என் கண்ணால் பார்த்தேன். நீ பிறந்த தந்தி வந்த கிழமை, நானும் கார்த் திறப்புக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு அந்த வரிசையில் நின்றேன். என் பாஸ்போட் அவருடைய அலுமாரியில்தான் கிடந்தது, உன்னைப் பார்க்க ஊருக்கு வர அதைத்தான் மனுவில் கேட்டிருந்தேன். மனுவை வாசிக்காமலே மடித்து என் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார். "நீ எங்கள் வீட்டுப் பிள்ளை, வீட்டுப் பிள்ளைக்கு மனு எதற்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம். அவருக்குப் பதவி போன பிறகுதான் பாஸ்போட் என் கைக்கு வந்தது. உன்னை முதன்முதல் தூக்கியபோது உனக்குப் பதினாலு மாதம், யாரோ பிள்ளைபிடிகாரன் என்று வீறிட்டு அழுதாய்.

"எழுதுறதெண்டா நல்லதையும் எழுதுங்கோ, இல்லாட்டி நீங்களும் அவரும் ஒண்டுதான்" என்றாள் அம்மா. அதுவும் நியாயம். ஒப்பந்தக்காரன் கொடுத்த தங்கக் கைமணிக்கூட்டைத் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார். தெருவில் மயங்கி விழுந்த கூலியாளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, அமைச்சுக்கு நடந்து போன மனிதன். எல்லாவற்றையும், அந்தச் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்து, என் கையால் எழுதிக் கையெழுத்து வைத்து இதோடு அனுப்புகிறேன். போட்டால் முழுதாகப் போடட்டும், ஒரு வரியை வெட்டினாலும் என் பெயர் அதில் வரக்கூடாது. உன் வேலைக்கு இதனால் பழுது வரலாம் என்று தெரியும், அதை நினைத்து எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்த மண்டபத்தில் ஒருமுறை சிரித்தது போதும். வேலை போனால் வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது.

மாதா உனக்குத் துணையிருப்பாள், அம்மாவின் முத்தங்கள். ஒன்றை மறந்துவிடாதே. உன் பாஸ்போட்டைப் பத்திரமாக வைக்கவென்று அலுவலகத்தில் வாங்கிவிட்டார்கள் என்று போன மாதம் சொன்னாய். முதலில் அதைக் கேட்டு வாங்கி உன் சட்டைப்பைக்குள் வை. என் தாளை அதற்குப் பிறகு கொடு.

உன் அப்பா
செல்வரட்ணம்