என் முன்னிலையில்

24-2-64, திங்கள்

சங்கத்துக்குப் பயிற்சி உத்தரவு வந்திருக்கிறது. எழுத்தர் ஆனந்தமேரி, ஆறு வாரம், திண்டுக்கல். தலைவர் பெருமாள்சாமி வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "போயிட்டு வாம்மா. என்ன கேட்டாலும் நல்லாத்தான் நடக்குதுன்னு சொல்லு."

பயிற்சி முடித்தால் இரண்டு வருஷம் இதே சங்கத்தில் இருக்க வேண்டும் என்று பத்திரம். அதற்கு ஜாமீன் அவரே. என் கணவர் சூசை இறந்த பிறகு எனக்கு இந்தக் கடன் சங்க வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நாங்கள் குடியிருக்கும் வீடும் அவருடையது. நன்றியோடுதான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து மாதங்களை எண்ணினேன்: இருபத்து நான்கு.

26-2-64

என் இடத்தில் வேலுசாமி உட்காரப் போகிறார். மூட்டை இறக்குபவர், எட்டாவது படித்தவர். அறையைக் காட்டினேன். முன்னே மேஜையும் பணப்பெட்டியும், பின்னே உர மூட்டைகள், எண்ட்ரின் பூச்சிமருந்து டின்கள். போன வருஷத் திருட்டுக்குப் பிறகு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பெட்டியில் பணம் இருக்கும் நாளில் எழுத்தரை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டுவார்கள். சாவி பியூன் கருப்பணனிடம்.

"காவல் பணத்துக்கா, நமக்கா?" என்று சிரித்தார் வேலுசாமி. நானும் சிரித்தேன்.

2-3-64

வகுப்பு தொடங்கியது. நாற்பது பேரில் பெண் நான் ஒருத்தி. சிஸ்டர்கள் விடுதியில் இடம் கிடைத்தது. மகள் செசிலி ஊரில் மாமியாரிடம். பஸ் ஏறும்போது அழாமல் நின்றாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

5-3-64

கடன் வகுப்பு. ஆசிரியர் கருப்புசாமி, தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். கடன் கேட்பவர் நேரில் வர வேண்டுமாம். பத்திரத்தை வாசித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்க வேண்டுமாம். 'என் முன்னிலையில்' என்று எழுத்தர் போடும் கையெழுத்து சாட்சி, பொய்யானால் குற்றம்.

எங்கள் சங்கத்தில் ரேகை வைத்த பத்திரம் தலைவர் வீட்டிலிருந்து வரும். நான் கையெழுத்துப் போடுவேன். எத்தனை போட்டிருப்பேன் — முப்பது? எங்கள் ஊர் மூக்காயி பேரில் ஒன்று உண்டு. அவள் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்திருப்பாளா?

11-3-64

இன்று பாதுகாப்பு வகுப்பு. மருந்து இருக்கும் அறையில் ஆள் உட்காரக் கூடாது. காற்றுக்கு வழி வேண்டும். உள்ளே ஆள் இருக்க வெளியே பூட்டவே கூடாது. "ஏனுங்க, உங்க சங்கத்துல இப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். எல்லாரும் நோட்டில் குனிந்தார்கள். நானும்.

முடிவில் ஒவ்வொருவரும் தம் சங்கத்தைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். குறை இருந்தால் அதிகாரி பார்க்க வருவார். கதவைப் பார்ப்பவர் பீரோவையும் திறப்பார். பத்திரங்களில் என் கையெழுத்து.

12-3-64

கருப்புசாமி வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தேன்.

20-3-64

அறிக்கை எழுதி வைத்தேன். 'காற்றோட்டம் திருப்திகரம்.' பொய் எழுதும்போது என் கையெழுத்து எவ்வளவு அழகாக வருகிறது.

27-3-64, பெரிய வெள்ளி

ஊருக்குப் போனேன். மாதா கோயில் வாசலில் வேலுசாமி. தலைவலி, கண் எரிச்சல் என்றார். "நீங்க எப்பிடித்தான் இம்புட்டு நாளு இருந்தீகளோ." வெளியே உட்காருங்கள் என்றேன். தலைவர் விடவில்லையாம். செசிலி கையைப் பிடித்து இழுத்தாள், போய்விட்டேன்.

1-4-64

சங்க அறையைப் பெருக்கும் மாயக்காள் விடுதிக்கே வந்துவிட்டாள். நேற்று மத்தியானம் மருந்து டின் ஒன்று ஒழுகியிருக்கிறது. கருப்பணன் சாப்பிடப் போயிருந்தான். சாவி வர அரை மணி நேரம். கதவைத் திறந்தபோது வேலுசாமிக்கு வாயில் நுரை, கைகால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

"தட்டுனாருத்தா. தட்டித் தட்டி அடங்கிப்போச்சு. பூட்டைப் புடிச்சிக்கிட்டே நின்னேன்" என்றாள்.

எனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே வெள்ளிக்கிழமை அந்த ஆளு முன்னாடி நின்னேன்? வெளிய உக்காருங்கன்னு சொன்னா போதுமா — போதுமாடி?

2-4-64

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உயிர் பிழைத்துவிட்டார். கை நடுக்கம் நிற்கவில்லை; என்னை அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆயிற்று. அவர் மனைவி முத்துப்பேச்சி வெளியே கூட்டிப் போனாள். தலைவர் பழம் வாங்கி வந்தாராம். குடும்பச் சண்டையில் தானே மருந்தைக் குடித்தார் என்று எழுதிக் கொடுத்தால் வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

"அவரு ஏன்மா குடிக்கணும்? எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லையே" என்றாள். ரேகை வைக்கட்டுமா வேண்டாமா என்று என்னைத்தான் கேட்டாள். என்னை.

வைக்காதே என்றேன்.

4-4-64

பழைய அறிக்கையைக் கிழித்தேன். ஜன்னல், டின்கள், பூட்டு, சாவி — நான்கு பக்கம். ஐந்தாவது பக்கத்தில் நான் பார்க்காமல் போட்ட கையெழுத்துகள். அதை விட்டுவிட்டால் மற்ற நான்கையும் யார் நம்புவார்கள்?

கருப்புசாமி இரண்டு தரம் படித்தார். "அம்மிணி, இந்தக் கடைசித் தாள் உங்களைத்தானுங்க முதல்ல பிடிக்கும். எடுத்துக்கறீங்களா?"

வேண்டாம் என்றேன். ஐந்து பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

18-5-64

விசாரணை. அதிகாரி ஒவ்வொரு பத்திரமாகக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். முப்பத்து நான்கு தரம் ஆமாம் சொன்னேன். வெளியே மூக்காயி நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "சோறு போட்ட கையக் கடிச்சிட்டியேம்மா. இந்த மாசக் கடைசியில வீட்டக் காலி பண்ணிரு."

9-8-64, ஞாயிறு

திண்டுக்கல்லில் ஓர் அறை. மாமியார், செசிலி, நான். சுருட்டுக் கம்பெனியில் கட்டு எண்ணும் வேலை. சங்கத்தில் நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். என்னையும் நீக்கிவிட்டார்கள். ஜெயில் இல்லை. மூக்காயி பேரில் இருந்த கடனைத் தள்ளிவிட்டார்கள் என்று கேள்வி.

காலையில் வேலுசாமியும் முத்துப்பேச்சியும் வந்தார்கள். கையில் இருந்த சர்க்கார் காகிதத்தில் 'வேலை நேரத்தில் விபத்து' என்று எழுதி, முத்திரை வைத்திருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னாள் முத்துப்பேச்சி. வாசித்தேன். இன்னொரு தரம் என்றாள்.

"எங்களால உங்க வேலை போச்சேம்மா. வருத்தமா இருக்கா?" என்றார் வேலுசாமி.

முதலில் சாப்பிடுங்கள் என்றேன். இலை போட்டேன். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.