ஓர் அம்பாரம் இரண்டாய்த் தெரிகிறது

மரக்காணம்
9-3-1975

என் மகள் சகாயமேரிக்கு அப்பா எழுதிக்கொண்டது. கல்கத்தாவில் படிக்கிற நீ சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே என் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

எனக்கு ஏன் எல்லாம் இரண்டாய்த் தெரிகிறதென்று நீ போட்டனுப்பிய படம் வந்தது. நேராகப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், குழப்பம்தான் கூடியது. புரை எடுத்த வலது கண்ணில் உள்ளிருந்த லென்ஸ் போய்விட்டது, அதற்குப் பதில்தான் இந்தத் தடித்த மூக்குக்கண்ணாடி என்கிறாய், அதுவரைக்கும் சரி. இடது கண் படத்தில் கருவிழி முதல் லென்ஸ், உள்ளே இருப்பது இரண்டாவது. முதல் லென்ஸின் பிம்பம் விழிக்கும் பின்னால் விழும் என்று புள்ளிக்கோடு போட்டிருக்கிறாய். ஆனால் அது அங்கே போய்ச் சேருமுன் இரண்டாவது லென்ஸ் குறுக்கே வந்து கோட்டை மடக்கிவிடுகிறது. அப்படியானால் அங்கே பிம்பமே இல்லையே, வந்து சேராத சரக்கிலிருந்து எப்படியம்மா தூரம் அளந்தாய்? பிம்பமென்று நீ போட்ட அம்பு வேறு தலைகீழாக நிற்கிறது, அதை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை உப்பு அம்பாரத்தைக் கண்ணால் மதிப்புப் போட நின்றேன், முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. பெரிசாய் ஒன்று, சிறிசாய் ஒன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தெரிந்தது. எதைச் சொல்வதென்று நான் முழிக்க, மேஸ்திரி பச்சமுத்து, இன்னா மொதலாளி, உப்புக்கு ஜாதகமா பாக்குறீங்க என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கண்ணால் மதிக்க முடியாதவனுக்கு உப்பளத்தில் என்ன வேலை?

ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை இடது கண்ணையும் செய்துவிடலாம் என்கிறார் பாண்டிச்சேரி டாக்டர். உன் அம்மா ஒப்பவில்லை. நீயும் ரெண்டாத்தான் தெரியுற என்று நான் சொன்னதற்கு, அப்ப ரெண்டு பேருக்கும் பதில் சொல்லுங்க, ஒரு கண்ண அறுத்துக்கிட்டு வந்து படுற பாடு போதாதா என்கிறாள்.

நேற்று உன் படத்தை நானே ஸ்கேல் வைத்துப் போட்டுப் பார்த்தேன். வலது கண்ணின் அம்பு நீளம், இடது கண்ணின் அம்பு குட்டை, அவ்வளவுதான் விளங்கியது. இடது கண்ணிலும் லென்ஸை எடுத்துக் கண்ணாடி போட்டால் இரண்டு அம்பும் ஒரே நீளம்தானே? எல்லா அம்பாரமும் கால்வாசி பெரிதாகத் தெரியும், தெரியட்டும், இரண்டு கண்ணும் ஒரே தப்பைச் சொன்னால் கழித்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஆளுக்கொன்று சொன்னால்தான் செத்தேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மங்கல் பல்பில் படிக்காதே. நான் நினைத்தது சரியா என்று ஒரு கார்டு போடு, படம் வேண்டாம். சரியென்றால் அம்மா பெயருக்கே எழுது, நீ சொன்னால் ஒப்புவாள். அவள் வாசலில் நில்லாமல் தனியாக அந்த ஆபரேஷன் மேசையில் படுக்க எனக்குத் தைரியமில்லை. இதை மட்டும் அவளுக்கு எழுதிவிடாதே.

தேவன் உன்னைக் காக்க.

உன் அப்பா,
ம. செல்வநாதன்