சலித்து அனுப்பிய மண்

என் மகள் இஸ்ஸாவுக்கு,

ரபாத்தில் நீயும் மருமகனும் நலமாக இருக்க அல்லாஹ் அருளட்டும். என் முழங்கால் பரவாயில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது குப்பை பிரிக்கும் தூதா. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் மேலதிகாரியிடம் காட்ட உனக்கு ஒரு காகிதம் வேண்டும்.

இங்கே விடியலில் மூடுபனி. புதுக் குப்பைக்கிடங்குக்கு வெட்டிய பள்ளத்தின் சரிவெல்லாம், அழுக்கு நீர் பூமிக்குள் இறங்காமலிருக்கக் கருப்புப் பிளாஸ்டிக் விரித்துவிட்டார்கள். பனி விலகும்போது மலைக்குள் ஒரு கருப்பு ஏரி மிதப்பதுபோல் இருக்கிறது. நாரைகள் தண்ணீர் என்று நம்பி இறங்கி, கால் வழுக்கி, வெட்கப்பட்டுப் பறந்து போகின்றன. காவல்காரனான எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை.

"நாரை போதும், விஷயத்துக்கு வாங்க" என்கிறாள் தூதா.

போன மாதம் என்ஜினியர் ஸுஹைர், அந்த விரிப்புக்கு அடியில் போடும் களிமண்ணை மூட்டையாகக் கட்டி என் அறையில் வைத்தார். "மாமா, இது உங்க மக லேபுக்குத்தான். திங்கக்கிழமை பஸ்ஸுல ஏத்திடுங்க. கட்டைப் பிரிக்காதீங்க" என்றார். கடைசி வார்த்தை காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. கல்யாணமாகிப் போன மகளுக்கு ஈரமான, கல் கலந்த பொருளை நம் பக்கத்தில் எந்தத் தகப்பன் அனுப்புவான்? உன் அம்மா காயவைத்துச் சலிக்காமல் ஒரு பிடி பார்லிகூட அனுப்பியதில்லை. அவள் இல்லாதபோது நான்தானே செய்ய வேண்டும்? மூன்று நாள் வெயிலில் பரப்பினேன். மாவுச் சல்லடையில் சலித்தேன். பட்டுப்போல் ஆனதும் திரும்பக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றினேன். சந்தோஷமாகத்தான் செய்தேன் மகளே.

தூதா பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "ரொட்டி சுடவா அனுப்பினீங்க, பெரியவரே?"

நேற்று ஸுஹைர் துள்ளிக்கொண்டு வந்தார். "உங்க மக கையெழுத்துப் போட்டுட்டா மாமா! விரிப்பு மண்ணை நல்லாக் கவ்வுதாம். வியாழக்கிழமை குப்பை கொட்ட ஆரம்பிக்கிறோம்."

இன்று காலை சரிவின் ஓரமாக நடந்தபோது குதிகாலை அழுத்தி ஊன்றினேன். அடியில் களிமண் சோப்பு மாதிரி இருந்தது. விரிப்பு என் காலோடு இரண்டு விரல் கீழே வந்தது, தூக்கத்தில் நழுவும் போர்வைபோல, சத்தமே இல்லாமல். அப்போதுதான் உன் லேபில் நீ காட்டிய சோதனைப் பெட்டி ஞாபகம் வந்தது. மண்மேல் விரிப்பை வைத்து, பாரம் ஏற்றி, இழுத்துக் காட்டினாயே. "இழுக்க எவ்வளவு பலம் வேணுமோ, அதுதாம்பா பிடிப்பு" என்றாயே. நீ இழுத்துப் பார்த்தது இந்த மலையின் ஈர மண்ணை அல்ல, நான் காயவைத்துச் சலித்த மண்ணை.

உனக்குப் பல் முளைக்காத வருஷம், பெரும்பனி உருகியபோது, என் அண்ணன் தோட்டம் ஆற்றுக்கு இறங்கிப் போனது. பதினேழு வாதுமை மரமும் பூவோடு, நின்றபடியே போயின. ஒரு பூ உதிரவில்லை. பார்க்க அழகாக இருந்தது. அதற்குக் கீழேதான் அண்ணன் இருந்தான்.

இந்தச் சரிவுக்குக் கீழே முப்பத்தொரு பெண்கள் உட்கார்ந்து குப்பை பிரிக்கப் போகிறார்கள். தூதாவும் ஒருத்தி. இப்போது அவள் சிரிக்கவில்லை.

ஸுஹைரிடம் எல்லாம் சொன்னேன். "டீ குடிச்சிட்டுப் படுங்க மாமா, கனவு கண்டிருப்பீங்க" என்று தோளில் தட்டினார். உன் கையெழுத்தை நம்பியவர், நீ அதை வாபஸ் வாங்கினால்தான் நிறுத்துவார்.

இந்தக் கடிதத்தோடு ஆலிவ் டின்னில் புது மண் வருகிறது. இன்று தோண்டியது, ஈரம், கல், வேர் எல்லாம் அப்படியே. இதை இழுத்துப் பார். வியாழனுக்குள் ஸுஹைருக்கு எழுது.

உன்னை எனக்குத் தெரியும். என் காவல் வேலை போய்விடும் என்று பயந்து, தப்பு லேபில் நடந்தது என்று எழுதுவாய். எழுதாதே. ஹம்மு என்ற காவல்காரன் மூட்டையைப் பிரித்துச் சலித்தான் என்றே எழுது. கீழே என் கட்டைவிரல் இருக்கிறது. மை சரியாக விழவில்லை என்று இரண்டு தடவை வைத்தேன். யார் கேட்டாலும் இதைக் காட்டு மகளே, மடித்து உள்ளே வைத்துவிடாதே.

உன் கைக்கு ஒரு கறையும் வராமலிருக்க வேண்டிக்கொள்ளும் தந்தை,
ஹம்மு