வாசல் மாறிய வீட்டுக்குக் கேபிள் வழி இணையம் கோருதல்

அனுப்புநர்:
ஆர். பத்ரிநாராயணன்,
வேதியியல் ஆசிரியர் (ஓய்வு),
14, நெல்லித் தெரு (வாசல் தாமரைத் தெருவில் உள்ளது),
அபிராமபுரம், சென்னை - 600 018.

பெறுநர்:
தலைமை அஞ்சல் அதிகாரி அவர்கள்,
(கேபிள் டி.வி. ஆபரேட்டர்களைப் பதிவு செய்யும் அதிகாரி),
தலைமை அஞ்சலகம், சென்னை.

பொருள்: இரண்டு கேபிள் ஆபரேட்டர்களின் எல்லைக்கு நடுவே மாட்டிக்கொண்ட வீட்டுக்கு இணைய இணைப்பு வழங்க ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சாகரா கேபிள்நெட் நிறுவனத்துக்கு நான் அளித்த விண்ணப்பம், நாள்: 9-9-1999.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குப் பொதுவாகப் புகார் எழுதும் வழக்கம் இல்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில்கூட, லாரியாவது வந்ததே என்று சந்தோஷமாகக் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறவன் நான். முப்பத்தோரு வருட ஆசிரியர் வேலையில் ஒரு மெமோ வாங்கியதில்லை, யாருக்கும் வாங்கித் தந்ததும் இல்லை. கேபிள் விவகாரத்துக்குத் தபால் அதிகாரியிடம் ஏன் வருகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். கேபிள் ஆபரேட்டர்கள் தலைமை அஞ்சலகத்தில்தான் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்வதாகப் படித்தேன். வேறு எந்தக் கதவைத் தட்டுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

2. என் மனைவி அபயாம்பாள் பத்தொன்பது வருடம் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்தவள். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் பாஸ். மூன்று வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. மெஷின் வைத்துப் பார்த்தோம். இரைச்சல்தான் வந்தது, பேச்சு வரவில்லை. அவள் அதற்காக மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. வீட்டில் எல்லோரும் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறோம். நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்திவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.

3. எங்கள் ஒரே மகள் ஷ்ரேயா கனடாவில் டொராண்டோவில் இருக்கிறாள். அவளுக்கு இது தலைப்பிரசவம்; ஜனவரி இரண்டாம் வாரம் என்று நாள் குறித்திருக்கிறார்கள். மனைவிக்கு விமானப் பயணம் கூடாது என்று காது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஷ்ரேயா ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் அழைக்கிறாள். அவள் சொல்வதை நான் கேட்டு சிலேட்டில் எழுதி, மனைவி சொல்வதைத் திரும்ப ரிசீவரில் சொல்லுகிறேன். தாயும் மகளும் பேசிக்கொள்வதற்கு நடுவில் ஓர் ஆண்பிள்ளை நின்றுகொண்டிருந்தால் அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்பதைத் தாங்களே யோசித்துப் பார்க்கலாம். இதுவரை சமையல், சீதோஷ்ணம் ஆகியவை பற்றி மிக விரிவாகப் பேசியிருக்கிறோம்.

4. கம்ப்யூட்டரில் எழுத்து மூலமாகவே பேசிக்கொள்ளலாம் என்பதை ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மயிலாப்பூரில் உள்ள இணைய மையத்துக்குப் போய்க் கண்ணால் கண்டோம். மனைவி உட்கார்ந்தாள். அவளுடைய வேகத்தைப் பார்த்து மையத்துக்காரரே எழுந்து வந்து நின்றார். நாற்பது நிமிடம். மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் மையம் திறப்பது பத்து மணிக்கு. அப்போது டொராண்டோவில் எல்லோரும் தூங்குகிற நேரம். அன்று ஷ்ரேயா எங்களுக்காகக் கண்விழித்திருந்தாள். வேலைக்குப் போகிற கர்ப்பிணியை வாராவாரம் அப்படி விழிக்கச் சொல்ல முடியாது. மாலையில் போகலாமென்றால் கல்லூரிப் பையன்கள் கூட்டத்தில் நாற்காலி கிடைப்பதில்லை. மேலும் பக்கத்து நாற்காலிக்காரர் தம் திரையை விட்டு எங்கள் திரையையே படித்துக்கொண்டிருந்தார். ஷ்ரேயாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்பது இப்போது அவருக்கும் தெரியும்.

5. மறு வாரமே வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். தொலைபேசி வழியாக இணையம் எடுத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். எடுத்தோம். அந்தத் தொலைபேசி மாடியில் இருக்கும் என் அண்ணன் பெயரில் உள்ளது. கீழே எங்களுக்கு இருப்பது பேரலல். மேலே யார் ரிசீவரை எடுத்தாலும் இங்கே இணைப்பு அறுந்துவிடும். அங்கே மாலையாகிற நம் விடியற்காலையில்தான் அண்ணன் எழுந்து பஞ்சாங்கம் பார்த்துவிட்டு நாலு பேருக்குப் போன் போடுகிறவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், போன் அவருடையது.

6. இந்த நிலையில்தான் சாகரா கேபிள்நெட் நிறுவனம், கேபிள் வழியாகவே இணையம், போன் தேவையில்லை என்று விளம்பரம் செய்தது. விண்ணப்பித்தேன். ஏழு முறை நேரில் போனேன். ஏழு முறையும் புதிய குறிப்பு எண் கொடுத்தார்கள். ஏழும் இணைப்பில் தந்துள்ளேன். அவர்களுடைய இன்ஜினீயர் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், வரைபடம் போட்டார், காபியை மெச்சினார், போனார். கடைசியில் தெரிந்தது இதுதான்: அந்த நிறுவனத்தின் வயரை வீட்டுக்குள் இழுத்துத் தருகிறவர் தெருவின் கேபிள் ஆபரேட்டர். எங்கள் வீட்டுக்கு ஆபரேட்டர் இல்லை.

7. இல்லாமல் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாமரைத் தெருவுக்கு ஆபரேட்டர் திரு. வலியுல்லா. நெல்லித் தெருவுக்கு திரு. இசக்கிமுத்து. 1996-இல் ஒருவர் வயரை ஒருவர் அறுத்து, இரண்டு தெருவும் டி.வி. இல்லாமல் கிடந்தது. பிறகு பெரியவர்கள் கூடி, வாசல் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்த வீடு அந்தத் தெருக்காரருக்கு என்று பேசி முடித்தார்கள். இசக்கிமுத்து முனைப் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் அணைத்து சத்தியம் செய்தார். வலியுல்லா தம் தாயார் அஸ்மத்துன்னிசா அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார். எந்தெந்த வீடு யாருக்கு என்று பட்டியலும் எழுதிக்கொண்டார்கள். மூலை வீடான எங்கள் வீட்டுக்கு அன்று வாசல் நெல்லித் தெருவில். அதனால் நாங்கள் இசக்கிமுத்துவின் பட்டியலில் இருந்தோம்.

அடுத்த வருடம் என் அண்ணன் ஒரு வாஸ்து நிபுணரை அழைத்து வந்தார். அவர் சொன்னபடி வாசலை இடித்துத் தாமரைத் தெருப் பக்கம் மாற்றினோம். நல்லது எல்லாம் வடக்கேயிருந்து வரும் என்றார். வந்ததோ இல்லையோ, கேபிள் போய்விட்டது. வாசல் மாறிய மறுநாளே இசக்கிமுத்து வந்து, இனி நீங்கள் பாய் ஏரியா என்று பணிவாகச் சொல்லி வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். வலியுல்லாவைக் கேட்டால், பட்டியலில் இந்த வீடு இசக்கிமுத்து பெயரில் இருக்கிறது, தொட மாட்டேன் என்றார். "சார், எங்கம்மா கைய புட்ச்சி வாக்கு குட்த்துக்கிறேன். அது இன்னும் உயிரோட கீது" என்பது அவர் சொன்ன வார்த்தை. டி.வி. தானே, போகட்டும் என்று மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்துக்கொண்டு நாங்களும் இருந்துவிட்டோம். இரண்டு வருடமாக இது எங்களுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

8. இந்த இருவர்மீதும் எனக்குக் கோபம் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கொடுத்த வாக்குக்காக வருகிற வாடிக்கையாளரை வேண்டாம் என்கிற வியாபாரிகளை வேறெங்கும் நான் கண்டதில்லை. சென்ற வாரம் இருவரையும் எங்கள் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினேன். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரை ஒருவர் உபசரித்ததே ஒரு மணி நேரம். சிலேட்டில் விஷயத்தைப் படித்த என் மனைவிதான் வழி சொன்னாள்: "மேலேந்து ஆர்டர் வந்துடுத்துன்னா, வாக்கு மீறினது இவா இல்லையே." பத்தொன்பது வருடம் ஆர்டர் அடித்த கை அல்லவா? உடனே இசக்கிமுத்துவின் முகம் தெளிந்தது. "ஒரு காகிதம் மட்டும் வரட்டும் சார், ஏணிய நானே தூக்கியாறேன்" என்றார். வலியுல்லா வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் கேட்டு வந்தார். சர்க்கார் காகிதம் என்றால் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். ஆகவே இந்தப் புகார், புகாருக்கு உள்ளானவர்களின் முழுச் சம்மதத்தோடு எழுதப்படுகிறது. தம்மீது புகாரை நன்றாக எழுதும்படி இருவரும் கேட்டுக்கொண்டார்கள். இணைப்பில் அவர்களுடைய கையொப்பம் உள்ளது.

9. அவசரத்தின் காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் ஷ்ரேயா தொலைபேசியில் வழக்கம்போல் சமையலை விசாரித்தாள். பிறகு, "அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்ப்பா. உங்ககிட்ட சொல்லி கேக்கற விஷயம் இல்ல" என்றாள். அழுதிருக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது. கடிதம் எழுதேன் என்றேன். போய்ச் சேர இரண்டு வாரம், பதில் வர இரண்டு வாரம். அதோடு, கேட்டு, பதில் தெரிந்துகொண்டு, மறுபடி கேட்க வேண்டிய விஷயம் என்றாள். பக்கத்தில் சிலேட்டோடு காத்திருந்த மனைவி, என்ன சொல்கிறாள் என்று என் கையைத் தட்டிக் கேட்டாள். அங்கே குளிர் அதிகமாம் என்று எழுதிக் காட்டினேன். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் நான் அவளிடம் சொன்ன பொய்கள் மிகக் குறைவு. மகள் கலங்கிப்போய்த் தன்னைத் தேடுகிறாள் என்று தெரிந்தும் எட்ட முடியாமல் அவள் தவிப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மனுவைத் தானே தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று என் கோழிக் கிறுக்கலில் எழுதுவதற்குக் காரணம் இந்தப் பத்திதான்.

10. எனவே, வலியுல்லா, இசக்கிமுத்து ஆகிய இருவரில் யாரேனும் ஒருவர் மேற்படி வீட்டுக்கு இணைப்புத் தரும்படி எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டுகிறேன். யார் என்பதில் எங்களுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. தாங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் சம்மதம். உத்தரவிடும் அதிகாரம் தங்களுக்கு இல்லையென்றால், ஆலோசனையாக நாலு வரி போதும். அலுவலக முத்திரை மட்டும் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். அஸ்மத்துன்னிசா அம்மாள் அதைத்தான் பார்ப்பார்.

11. கடைசியாக ஒரு சிறிய வேண்டுகோள். அரசுக் கடிதங்களில் மனுவின் பத்திகளை எடுத்தெழுதிப் பதில் தருவது வழக்கம் என்பதை அறிவேன். தாங்கள் அனுப்பும் பதிலில் ஒன்பதாம் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் வர வேண்டாம். எங்கள் வீட்டில் தபாலைப் பிரிப்பது என் மனைவிதான்.

அபிராமபுரம்,
18-11-1999.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஆர். பத்ரிநாராயணன்

இணைப்பு:
(அ) ஏழு குறிப்பு எண்கள்
(ஆ) திருவாளர்கள் வலியுல்லா, இசக்கிமுத்து ஆகியோரின் சம்மதக் கடிதம்
(இ) வீட்டின் வரைபடம், பழைய வாசலுடனும் புதிய வாசலுடனும்