சட்டைப் பையிலிருந்த விடைப் பக்கங்கள்

அத்தான்,

நேற்று என் மகள் தன் ஆங்கிலப் பயிற்சி நூலின் கடைசிப் பக்கங்களைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். "டீச்சர் சொன்னாங்கம்மா, விடையெல்லாம் வீட்டுல பெரியவங்ககிட்ட குடுத்து வைக்கணுமாம்." அந்த மலிவுத் தாளின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. போனவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன். குறுக்கே பேச நீங்கள் இல்லை என்பது எனக்கு வசதி.

சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் உங்களோடும் அக்காவோடும் நான் தங்கியிருந்த காலம் அது. அக்கா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். லைன் லீடர் வேலைக்கு அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் ஒரு பக்கம் ஆங்கிலம், கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். அந்த வேலைக்காக அவள் ஏங்கிக் கிடந்தாள். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த நீங்கள்தான் பயிற்சி நூலை வாங்கி வந்தீர்கள். வந்ததும் விடைப் பக்கங்களைக் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

சாப்பாடு முடிந்ததும் அவளை மேசையில் உட்கார வைப்பீர்கள். அவள் எழுதுவாள். நீங்கள் பையிலிருந்த தாளை விரித்துப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் பெரிய நீதிபதி மாதிரி சரியும் பிழையும் போடுவீர்கள்.

"ஏங்க, இங்க ஏன் இந்த வார்த்தை வருது?"

"அது அப்படித்தான்லா. கேள்வி கேக்காம எழுது."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் இன்னும் உற்சாகம். "நம்ம மேடத்துக்கு இங்கிலீஷ் பாடம் நடக்குதுலா" என்று சிரிப்பீர்கள். அக்காவும் கூடச் சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

நேர்முகத்துக்கு முந்தின நாள் உங்கள் சட்டையை நான்தான் வாஷிங் மெஷினில் போட்டேன். வெளியே எடுத்தபோது பைக்குள் விடைகள் கூழாகியிருந்தன. அதை உங்கள் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக் குப்பையில் போட்டீர்கள். அன்று மாலை பாடத்தை நிறுத்திவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்களோ வழக்கம்போல் உட்கார்ந்தீர்கள், சிவப்புப் பேனாவைத் திறந்தீர்கள், பக்கம் முழுக்கப் பிழை போட்டீர்கள். தெரியாதவன் சரி போட்டால் மாட்டிக்கொள்வான். பிழை போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்தக் கணக்கு மட்டும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அவருக்கு விடை தெரியாதுக்கா. தாள் கூழாப் போச்சு" என்று அவளிடம் சொன்னேன். "சும்மா இருடி, அவருக்கா தெரியாது?" என்றாள். மறுநாள் நேர்முகத்துக்கு வரவில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். வேலை வேறொருத்திக்குப் போனது.

அதே நூலை நான் புதிதாக வாங்கி வந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அக்கா எழுதியதில் பெரும்பாலானவை சரி. இரண்டையும் உங்கள் முன்னால் விரித்து வைத்தேன். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாதவர் அல்லவா நீங்கள். "இது பழைய எடிஷன்லா" என்று சொல்லிவிட்டு டீ கேட்டீர்கள். அக்கா போட்டுக் கொடுத்தாள்.

அக்கா கடைசிவரை ஆப்பரேட்டராகவே இருந்து ஓய்வு பெற்றாள். நீங்கள் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். "அவர் இருந்திருந்தா பாப்பாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்திருப்பாரு" என்று இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். உங்கள் மேல் எனக்கிருக்கும் இளக்காரத்தை இத்தனை வருடமாகச் சுமக்கிறேன். இறக்கி வைக்க மனம் வரவில்லை.

நேற்று அந்த விடைப் பக்கங்களை அக்காவிடம் கொடுத்து, "நீயே திருத்துக்கா" என்றேன். தயங்கித் தயங்கித்தான் பேனாவை எடுத்தாள். ஓர் இடத்தில் பிள்ளை எழுதியது வேறு, தாளில் இருந்தது வேறு.

"இது ஏன் பெரியம்மா பிழை?"

அக்கா தாளைப் பார்த்தாள். பிறகு அதை மடித்து மேசையில் வைத்தாள்.

"எனக்கும் தெரியாதுலா கண்ணு. வா, யாரையாச்சும் கேப்போம்."

அவ்வளவுதான், அத்தான். அந்த ஒரு வாக்கியம் உங்கள் வாயில் ஒரே ஒரு முறை வந்திருந்தால், அன்றைக்கு அக்கா அந்த நேர்முக அறைக்குள் போயிருப்பாள்.