ஒட்டிய உறையும் டூர் கணக்கும்

இன்று காலை மின்கட்டணச் சீட்டைத் தேடி அலுமாரியைக் கிளறியபோது ஒரு காக்கி உறை கையில் பட்டது. பசை காய்ந்த மடிப்பின் குறுக்கே இரண்டு கையெழுத்துகள். ஒன்று என்னுடையது, மற்றது உங்களுடையது. நீங்கள் கனடாவில் காலமாகிவிட்டதாகப் போன மாதம் உங்கள் மகள் எழுதியிருந்தார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வழக்கம்போல் தேநீர் போட்டுக் குடித்தேன். இன்று இந்த உறையைப் பார்த்ததும் கதிரையில் உட்கார வேண்டியதாயிற்று.

கண்டிக்கு வெளியே, நாம் இருவரும் படிப்பித்த தொழில்நுட்ப நிலையத்தில் ஒரே ஒரு யுனிக்ஸ் கணினி இயந்திரம் இருந்தது. அதன் நிர்வாகிகள் நாம்தான். ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கு எல்லாம் திறக்கும். அதே அதிகாரத்தோடு, ரூட்டின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, டூர் என்ற மாற்றுக் கணக்கையும் நீங்கள் அமைத்தீர்கள். அதன் கடவுச்சொல்லை எழுதி இந்த உறையில் போட்டு, ஒருவர் தனியாகத் திறக்கக் கூடாதென்று மடிப்பின்மேல் இருவரும் கையெழுத்திட்டோம். உங்களுக்கு அது மனப்பாடம். எனக்கு மறதி என்று நான் கேட்டுக்கொள்ளவேயில்லை.

பரீட்சைப் புள்ளிகளைப் பகலுக்குள் அனுப்ப வேண்டியிருந்த அந்த நாளை நினைக்கிறேன். உள்ளே நுழைந்ததும் நம் கட்டளைகளைக் கேட்டு நடக்கும் நிரலை ஷெல் என்போம். எனக்குப் பிடித்த ஷெல் ஒன்றை முந்திய நாள் ரூட்டுக்கு வைத்திருந்தேன். அது இரண்டாவது வட்டில் இருந்தது. காலையில் மின்சாரம் போய் வந்தபின் அந்த வட்டு இணையவில்லை. ஷெல் இல்லாததால் ரூட் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தியவன் மாதிரி நின்றேன்.

நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையை மடக்காமலே டூரில் நுழைந்து, ரூட்டின் பழைய ஷெல்லைத் திருப்பி வைத்தீர்கள்.

"மாஸ்டர், உமக்குப் பிடிச்ச ஷெல்லை டூருக்குக் குடும். ரூட்டைத் தொடாதையும்."

"இனிமே தொட மாட்டேங்க."

"போன மாசமும் இதைத்தான் சொன்னனீர்."

இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு சில மாதங்கள்தான். கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள், கண்டியிலும் தமிழர் தங்கும் அறைகளைச் சோதித்தார்கள். யாழ்ப்பாண அடையாள அட்டை வைத்திருந்த உங்களை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள். முதல் நாளே நிலையத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, அவர் திரும்புவதற்குள் இயந்திரத்திலிருந்து அவருடைய பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். நானும் தமிழன், நாவலப்பிட்டிக்காரன். அடுத்தது நானோ என்ற பயம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரூட்டின் கடவுச்சொல்லை மாற்றினேன். உங்கள் கணக்கை அழிக்க மனம் வராமல், உங்கள் ஷெல்லை மட்டும் நோலாகின் என்று மாற்றினேன். ஆள் நுழைந்தவுடன் ஒரு வரி சொல்லி வெளியே அனுப்பும் நிரல் அது. அரை நிமிட வேலை.

திரும்பி வந்த காலை, தாடியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து பெயரைத் தட்டினீர்கள். இந்தக் கணக்கு இப்போது பாவனையில் இல்லை என்று இயந்திரம் சொன்னது. திரையைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"நீரோ செய்தது?"

"ஆமாங்க. மேல சொன்னாங்க."

"அழிக்கேல்லைத்தானே?"

"இல்லைங்க. ஷெல்லை மட்டும் மாத்துனேன்."

"அப்ப சரியாத்தான் செய்திருக்கிறீர். கணக்கை அழிச்சால், ஃபைலெல்லாம் ஆருடையது எண்டு தெரியாமல் கிடக்கும்."

என்னைத் திட்டியிருக்கலாம். பாடம் சொன்னீர்கள்.

வெளிநாடு போகும்வரை ஒரு மாதம் அந்தக் கதிரையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களுக்கு முதுகைக் காட்டியபடி வேலை செய்தேன். நீங்கள் போன பிறகுதான் டூர் ஞாபகம் வந்தது. அதன் கடவுச்சொல்லை நான் மாற்றவேயில்லை. மறந்தேனா, வேண்டுமென்று விட்டேனா, இன்றும் சொல்லத் தெரியவில்லை. யார் எப்போது நுழைந்தார் என்று இயந்திரம் குறித்துவைக்கும் பதிவை அவசரமாகத் திறந்தேன். டூர் கடைசியாக நுழைந்தது அந்தப் பரீட்சை நாளில்தான். ஒரு மாதம் முழுவதும் நீங்கள் உள்ளே வந்திருக்கலாம், உங்கள் ஷெல்லைத் திருப்பி வைத்திருக்கலாம், என்னைக்கூட வெளியே தள்ளியிருக்கலாம். வழி உங்கள் மனப்பாடத்தில் இருந்தது. தொடவில்லை.

அப்படி அவசரப்பட்டுப் பதிவைத் திறந்தேனே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தலைவர் சந்தேகப்பட்டார், பொலிஸ் சந்தேகப்பட்டது. மூன்றாவதாக நானும்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்த நிலையத்தில்தான் இருந்தேன். புது இயந்திரங்கள் வந்தன, பயனர் பட்டியலை ஒவ்வொன்றுக்கும் நானே மாற்றினேன். உங்கள் வரியும் கூடவே வந்தது, நோலாகின் என்ற முடிவோடு. அந்தத் தலைவர் மாறினார், போர் முடிந்தது, தடுக்க யாருமில்லை. அரை நிமிட வேலைதான். செய்யவில்லை. வராத ஆளுக்கு எதற்கு ஷெல் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது எந்த இயந்திரமும் என் பொறுப்பில் இல்லை. உறை மட்டும் இருக்கிறது. உங்கள் கையெழுத்தில் பாதி மடிப்பின் மேலே, பாதி கீழே. திறந்தால் அது இரண்டாகிவிடும். அதற்குள் இருக்கும் சொல் என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.